டிங்டாங் மேனேஜருக்கு மூன்றாவது ஓலை

ஜோசப்ராஜ் சிரித்தால் முதலில் தொப்பை குலுங்கும், அதற்கப்புறம்தான் பல் தெரியும். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் யாரைக் கேட்டாலும் அவனைத் தெரியும் என்பார்கள். 'டிங்டாங் ஜோசப்' என்று சொன்னால் ஆட்டோக்காரர் விலாசம் கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இத்தனைக்கும் டிங்டாங் சிக்கன் என்ற அந்தக் கடை எங்கள் ஊரில் நாலு வருஷம்தான் உயிரோடு இருந்தது.

கடை வந்தது 2008-ல். அண்ணாகிராமம் பக்கத்து முந்திரி வியாபாரி செம்பியன் பெங்களூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். போன இடத்தில், ஒரு கண்ணாடிக் கடை முன்னால் ஜனங்கள் வரிசையில் நின்று கோழி வாங்குவதைப் பார்த்துவிட்டார். வரிசையில் நின்று, முதலிலேயே காசைக் கொடுத்து, தட்டைத் தாங்களே தூக்கிக்கொண்டு போய், தின்று முடித்துத் தாங்களே குப்பையில் கொட்டும் ஜனங்கள்! அவருக்குப் புல்லரித்துப் போனதாம். இதை எனக்குச் சொன்னது அவருடைய டிரைவர். முதலாளியைப் பற்றிய விஷயத்தில் டிரைவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

அதே டிங்டாங் பெயரை வாங்கி வந்து கடலூரில் ஒரு கடை போட்டார். அடுத்த வருஷம் சிதம்பரத்தில், யுனிவர்சிட்டிக்குப் போகும் வழியில் இன்னொன்று. அமெரிக்கக் கம்பெனி என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அமெரிக்காவுக்குப் போய்வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். அங்கே அப்படி ஒரு கடையைப் பார்த்த ஞாபகம் இல்லை என்றார். நான் அதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை, ஒரு ஏழெட்டுப் பேரைத் தவிர.

கடலூர் கடைக்கு மேனேஜராக வந்தவன்தான் ஜோசப்ராஜ். அதற்கு முன்னால் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் இருந்தான், பிறகு பரோட்டாக் கடையில் இருந்தான், கேட்டரிங் படிப்பில் சேர்ந்து பாதியில் இறங்கினான். அப்பா அம்மா போனபிறகு அவனை வளர்த்தது சின்னம்மா வியாகுலமேரி. அந்தப் பெயரை வைத்தவர்கள் ஆளைப் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். வியாகுலத்துக்கும் அவளுக்கும் பஸ் வசதியே கிடையாது. எழவு வீட்டுக்குப் போனால்கூட அழுகிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவாள். அவளுக்கும் அதே கடையில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது.

பெங்களூரில் டிரெயினிங் முடித்து, சிவப்புத் தொப்பியும் டையுமாக வந்து இறங்கினான் ஜோசப்ராஜ். யார் கதவைத் திறந்தாலும் மணியை அடித்து, "வெல்கம் டு டிங்டாங்!" என்று எல்லாரும் சேர்ந்து கத்த வேண்டும் என்பது சட்டம். முதல் வாரம் பாதிப் பேர் பயந்துபோய்த் திரும்பி ஓடினார்கள். மீதிப் பேர், "வணக்கம்பா. சோறு இருக்குதா?" என்றார்கள்.

அந்தக் கேள்விதான் கடைசிவரைக்கும் ஓயவில்லை.

"கோழி இருக்குது சார், பன்னு இருக்குது, உருளக்கெழங்கு இருக்குது."

"அதெல்லாம் தொட்டுக்கறதுப்பா. சாப்பாடு என்னா?"

குடிகாட்டிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று வந்தது. கையில் நாலு அடுக்கு கேரியர். கோழியைக் கடையில் வாங்கிக்கொண்டு, கேரியரைத் திறந்து சோறும் வத்தக்குழம்பும் பரிமாறிக்கொண்டார்கள். ஏசிக்குள் வத்தக்குழம்பு வாசனை கிளம்பியது. பக்கத்து மேஜைக்காரர் வெட்கத்தை விட்டு, "கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்று தட்டை நீட்டினார். அதிலிருந்து அது பழக்கமாகிப் போனது. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று பெங்களூரிலிருந்து ஒரு போஸ்டர் வந்தது. அதற்குக் கீழே இருந்த மேடையில்தான் கேரியர் வைக்க வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கோழி ஆகாது. அமாவாசை, கிருத்திகை ஆகாது. புரட்டாசி முழுக்க ஆகாது. கார்த்திகையில் மாலை போட்டுவிடுவார்கள். மாதா கோயில்காரர்கள் நாங்கள் இருக்கிறோமே என்றால், தவக்காலம் வந்து நாங்களும் வாயைக் கட்டிவிடுவோம். பெங்களூர்க்காரன் இதையெல்லாம் பார்க்காமல், வெள்ளிக்கிழமை ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ என்று பேனர் அனுப்புவான். அன்றைக்குக் கடையில் ஜோசப்ராஜும் மணியும் மட்டும் இருப்பார்கள்.

சிதம்பரம் கடை கதை வேறு. அங்கே கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆறு பேராக வருவார்கள், ஒரு கலர் சோடா வாங்குவார்கள், ஏசியில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பார்கள். செமஸ்டர் லீவு விட்டால் அந்த ஒரு கலரும் போகாது.

அதற்கு மேல் வந்தது கரண்ட் கட். அந்தக் கண்ணாடிக் கடைகளில் திறப்பதற்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கரண்ட் போனால் கடை அப்படியே இட்லிக் குண்டான். ஆளை உள்ளே வைத்து மூடினால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும்.

2011 கடைசியில் சிதம்பரம் கடையை மூடினார்கள். சாமான் ஏற்ற ஜோசப்ராஜ் போனான். மினிலாரி நிறைந்து, ஒரே ஒரு ஐட்டம் பாக்கி நின்றது. கடை வாசலில் ஆள் போட்டுக்கொண்டு ஆடுகிற கோழி வேஷம். பெரிய மஞ்சள் இறக்கை, பஞ்சு வயிறு, சிவப்புக் கொண்டை. அதைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறினான்.

"இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"ஒடம்புல போட்டுக்கிட்டா சட்டதான அண்ணே?"

"அப்ப போட்டுக்க. பாக்கறேன்."

விட்டுக்கொடுப்பானா? போட்டுக்கொண்டான். பஸ்ஸில் நிற்க இடம் இல்லாத கூட்டம். ஆனால் கோழிக்குப் பக்கத்து சீட்டு மட்டும் காலியாகவே இருந்தது. ஆம்பளைகள் எல்லாரும் கௌரவம் பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். அப்போது ஏறினாள் பிரிசில்லா. சிதம்பரத்தில் மருந்துக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறவள், சரக்கு எடுக்கக் கடலூருக்குப் புறப்பட்டிருந்தாள்.

"தள்ளி ஒக்காருங்க. ரெக்கைய மடக்குங்க" என்றாள்.

கோழி மடக்கியது.

புதுச்சத்திரம் தாண்டியதும், "உள்ள வேக்காடா இல்ல?" என்று கேட்டாள்.

"பழகிடுச்சுங்க. நான் கடலூர் கடைக்கு மேனேஜரு."

"கோழிக்கு மேனேஜர் வேலையா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் நம்பர் மாறிவிட்டது. கடைக்கு எதிரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன் நான். அதற்கப்புறம் அவன் எத்தனை தடவை ரோட்டைத் தாண்டி ரீசார்ஜுக்கு வந்தான் என்பதை வைத்தே விஷயம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கெல்லாம் நன்றாக முற்றிவிட்டது.

பிரிசில்லாவுடைய அப்பா ஞானாதிக்கம், பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். மணி பார்க்காமல் தும்மக்கூட மாட்டார் என்று சிதம்பரத்தில் பேச்சு. ஐந்தாறு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர், ஜோசப்ராஜை மட்டும் ஒரே ஒரு வார்த்தைக்காக ஒத்துக்கொண்டார். கம்பெனி மேனேஜர் என்ற வார்த்தை.

பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "கம்பெனி மாப்ளன்னுதான் தர்றேன். ஓட்டல்காரன்னா வாசல்லயே அனுப்பியிருப்பேன். ஓட்டல்காரனுக்கு வாழ்க்கப்பட்டா, அவன் ஊருக்கே சோறு போடுவான், பொண்டாட்டி புள்ள மூஞ்சி பாக்க நேரம் இருக்காது."

ஜோசப்ராஜ் டையைச் சரிசெய்துகொண்டான். முப்பத்தாறு வயதாகியிருந்தது அவனுக்கு. இந்தப் பெண் இல்லாவிட்டால் வேறு எவளும் வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தான். சொல்லும்போது சிரிக்கவில்லை. அதுவரைக்கும் அவன் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று பேசி, நிச்சயமும் முடிந்தது. அந்த வாரமே செம்பியன் கடைக்கு வந்து விசிறிக்கொண்டே சொன்னார்: "போதும் ஜோசப்பு. ஜெனரேட்டர் குடிக்கற டீசலுக்கு நான் முந்திரி வித்துக் கட்டுப்படி ஆவல. கடைய மூடிடலாம்."

"மொதலாளி, மூணாவது ஓல வரைக்கும் தாங்குங்க!"

செம்பியனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று, மாப்பிள்ளை ஊரிலும் பெண் ஊரிலும் அறிவிப்பார்கள். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணத்தை நிறுத்துவது பெரிய அவமானம். எப்பேர்ப்பட்ட மாமனாரும் யோசிப்பார்.

"அதுவரைக்கும் போர்டு தொங்கினா போதும் மொதலாளி. அதுக்கப்புறம் பக்குவமா நானே சொல்லிக்கறேன்."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"இந்த யோசனையே அவளுதுதான்."

செம்பியன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒன் கல்யாணத்துக்கு நான் டீசல் ஊத்தணுமாடா? சரி, ஊத்தறேன் போ."

பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. லாரன்ஸ் ரோடே வேண்டுதல் மாதிரி கோழி வாங்கித் தின்றது. மூன்றாவது ஞாயிறுக்கு முந்தைய நாள் பெங்களூர் லாரி வந்துவிட்டது. கம்பெனி சாமானைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று பேச்சாம். எண்ணெய் மிஷின், ஃப்ரீசர், மேஜை நாற்காலி, மணி, போர்டு எல்லாம் போயின. மிச்சம் இருந்தது பின்கட்டில் வியாகுலமேரியின் ஸ்டவ் ஒன்று. நாலு வருஷமும் கடை ஆட்கள் மத்தியானத்தில் தின்றது அவள் அதில் பொங்கிய சோற்றைத்தான். அந்தக் கடைக் கோழியை அவர்களில் ஒருவர்கூட ஆசைப்பட்டுத் தொட்டதில்லை.

"போனா போவுது. நாளைக்கு ஓல வாசிச்சிடுவாங்க, அவ்ளோதான்" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

ஆனால் வியாகுலமேரி ஒரு காரியம் செய்திருந்தாள். சிதம்பரத்தில் ஓலை வாசிக்கிற உபதேசியாருக்குப் போன் போட்டிருக்கிறாள். "எம் புள்ள பேர மொட்டையா வாசிக்காதீங்க. கடைசி ஓல, கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்." ஓலையில் வேலையைச் சொல்லும் வழக்கம் எந்தக் கோயிலிலும் கிடையாது. அந்த மனுஷர் தலையாட்டிவிட்டார். ஞாயிறு காலைப் பூசையில், மைக்கில், "கடலூர் டிங்டாங் கம்பெனியின் மேனேஜர் ஜோசப்ராஜ் அவர்களுக்கும்" என்று கோயில் அதிர வாசித்திருக்கிறார்.

பூசை முடிந்து வெளியே வந்த ஞானாதிக்கத்தைச் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மேனேஜர் மாப்ளன்னு மைக்குல சொல்லிட்டா ஆச்சா? எங்களுக்கு ஒரு கோழிக் காலு கெடையாதா மாமா?" மனுஷருக்கு நெஞ்சு புடைத்துவிட்டது. "இப்பவே கெளம்புங்க!" என்று வேன் பிடித்தார்.

ஜோசப்ராஜ் என் கடையில் நின்றுகொண்டிருந்தபோது பிரிசில்லாவின் போன் வந்தது. குரல் குசுகுசு என்றது.

"அப்பா வேன்ல ஆள ஏத்தறாரு. உங்க கடைக்குத்தான். நானும் கடைசி சீட்ல ஏறிட்டேன்."

"கடையில ஒண்ணுமே இல்ல பிரிசி!"

"தெரியும். வழியில நுங்கு விக்கற எடத்துல எல்லாம் நிறுத்தச் சொல்றேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

ரோட்டைத் தாண்டி ஓடிப்போய்ச் சொன்னதும் சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதுவும் சிரித்துக்கொண்டேதான். பிறகு புடவையை இழுத்துச் செருகினாள். "டே, பக்கிரி கடையில போயி கோழி வெட்டச் சொல்லு. தம்பி, நீ பந்தல்காரன் வூட்லேருந்து சேர் எடுத்துட்டு வா. ஸ்டவ்வு இருக்குது, நானு இருக்கறேன்."

நான் சேரோடு சேர்த்து ஒரு திட்டமும் கொண்டுவந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கி வைப்போம். கேட்டால் கரண்ட் கட். இருட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் கட் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வேன் வந்தபோது பின்கட்டில் சோறு வடித்து, மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்ட கோழி வறுவல் இறங்கிக்கொண்டிருந்தது. ரசம் நுரை கட்டியது. முதலில் இறங்கினார் ஞானாதிக்கம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

"போர்டு எங்க?"

"பெயிண்ட் அடிக்கப் போயிருக்குதுங்க" என்றேன் நான்.

"உள்ள இருட்டா இருக்குது?"

"கரண்ட் கட்டுங்க."

எதிரில் என் கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சனியனை அவர் பார்த்துவிட்டார்.

அடுத்த பொய்யை நான் யோசிப்பதற்குள் ஜோசப்ராஜ் முன்னால் வந்தான். டை இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"வேணாம் அண்ணே, விடுங்க. மாமா, கடைய மூடிட்டாங்க. நேத்தே எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நான் இப்ப மேனேஜரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணாவது ஓல வரைக்கும் ஒங்ககிட்ட மறைக்கலாம்னு பாத்தேன். தப்புதான்."

வேனிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

"உபதேசியாரு மேனேஜர்னு வாசிச்சாரே!" என்றார் ஞானாதிக்கம்.

"அது நாந்தான் சம்மந்தி" என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தாள் வியாகுலமேரி. "ஒரு ஆசைக்குச் சொல்லிட்டேன்."

ஞானாதிக்கம் வேன் பக்கம் திரும்பி, "எல்லாரும் ஏறுங்க" என்றார். ஜோசப்ராஜ் தரையைப் பார்த்தான். பிரிசில்லா ஏறவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

அப்போது ஞானாதிக்கத்தின் அக்கா ஆரோக்கியம்மாள், கனத்த உடம்பை அசைத்துக்கொண்டு நேராகக் கடைக்குள் போனார். ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெயில்ல இம்மாந்தூரம் வந்துட்டு வெறும் வயித்தோட எவன் திரும்புவான்? வறுவல் வாசன மூக்கத் தொளைக்குது. சாப்ட்டுட்டு சண்ட போடலாம் வாங்க."

"அக்கா! கம்பெனி போயி ஓட்டல்காரனா நிக்கறான்க்கா இவன்!"

"ஆவட்டுமே. சிதம்பரத்துல மெஸ்ஸு வெச்சு ஒன்ன வளத்தாரே எம் புருஷன், அவரு என்னா கலெக்டரா? அவருக்கு எம் மூஞ்சியப் பாக்க நேரம் இல்லன்னு ஒங்கிட்ட எப்பயாச்சும் வந்து அழுதனா? பக்கத்துல ஒக்காந்து வெங்காயம் உரிச்சேன், பாத்துக்கிட்டேதான இருந்தோம். நீயாத்தான் ஒண்ணக் கெளப்பிவுட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியற. இல போடுங்கப்பா!"

வேன் கூட்டம் அதற்குத்தான் காத்திருந்தது போல உள்ளே நுழைந்தது. பந்தி உட்கார்ந்தது. ஞானாதிக்கம் மட்டும் வெளியே வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே சப்புக்கொட்டுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. மனுஷர் மணியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அது அவருடைய சாப்பாட்டு நேரம் தாண்டிய நேரம்.

ஜோசப்ராஜ் ஒரு சேரைக் கொண்டுபோய் நிழலில் போட்டான். தட்டில் சோறும் வறுவலும் வைத்துக் கொடுத்தான். கெஞ்சவில்லை. பக்கத்தில் ரசச் சொம்போடு நின்றான். அவர் வேண்டாவெறுப்பாக ஒரு வாய் வைத்தார். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை.

"ரசம்" என்றார் கடைசியில்.

ஊற்றினான்.

"இன்னும் கொஞ்சம்."

ஊற்றினான்.

"நீ ஆக்குனதா?"

"சின்னம்மா வறுத்தது. ரசம் என்னுது மாமா."

"நாலு வருஷமா இத வெச்சுக்கிட்டா அந்த வறட்டுக் கோழிய வித்த? அறிவு இருக்குதா ஒனக்கு?"

பிரிசில்லா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இவரு கட போட்டாலும் ஞாயித்துக்கெழம லீவு. நான் அதையெல்லாம் பேசி முடிச்சிட்டேன்" என்றாள்.

செம்பியனுக்கு நான் உடனே போன் போட்டேன். இதற்கெல்லாம் நான் காசு பார்ப்பதில்லை. "எடம் சும்மாத்தான் கெடக்குது, மத்தியானச் சோறு போடச் சொல்லு. நானே மொத ஆளா வந்து துன்றேன்" என்றார். மறுநாளே வியாகுலமேரி அடுப்பைப் பெரிதாக்கினாள். ஜோசப்ராஜ் அந்தக் கண்ணாடியில் இரண்டு ஜன்னல் போடச் சொன்னான்.

கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. பூசை முடிந்து பந்தி நடக்கும்போது, ஞானாதிக்கத்தோடு டிப்போவில் வேலை பார்த்த ஒருவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே குத்தினார். "என்னங்க, மேனேஜர்னு மைக்குல வாசிச்சாங்க. இப்ப சோத்துக் கடைன்னு சொல்றாங்க?"

பக்கத்தில் இருந்த எனக்குக் காது நீண்டுவிட்டது. மனுஷர் என்ன சொல்லப் போகிறார்?

ஞானாதிக்கம் மணியைப் பார்த்தார். "ஆமா, சோத்துக் கடதான். மத்தியானம் ரெண்டுக்குள்ள போயிடணும். அதுக்கு மேல இறாத் தொக்கு இருக்காது. எம் பேரச் சொன்னாலும் இருக்காது, நானே போயி ஏமாந்துட்டேன்" என்றார்.